யூசுஃபின் மகன் சப்ரி

காப்பி வந்துவிட்டது. ஹாஜி நிமர் அந்தச் சின்னக் கோப்பையை வாங்கி, வாய் வைக்காமல் தன் எதிரே தரையில் வைத்தார்.

பெண் கேட்டு வந்த இடத்தில் அப்படித்தான். கேட்டதைக் கொடுத்தோம் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை காப்பி அங்கேயே இருக்கும்.

பக்கத்தில் இருந்த சப்ரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் மகன் நிதாலுக்குத்தான் பெண் கேட்கிறார்கள். நிதால் வாசல் ஓரமாக நண்பர்களோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். வேர்த்துக் கொட்டியதோ அப்பனுக்கு.

பெண் பிடிக்காமல் இல்லை. ருலாவும் நிதாலும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

பயமெல்லாம் ருலாவின் தாத்தாவிடம்.

பாலஸ்தீன அகதிகளின் ஜலஸோன் முகாமில் அபூ ஔனியைத் தெரியாதவர்கள் கிடையாது. எல்லாரும் விட்டுவந்த லித் ஊரில் எந்தத் தெருவில் யார் வீடு, யாருக்கு யார் பிள்ளை என்று அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கழுதை வாங்கப் போனாலும் அதன் பாட்டன் பெயரைக் கேட்பார் என்று முகாமில் கேலி பேசுவார்கள்.

இன்றைக்குக் கேட்காமலா விடப் போகிறார்?

அம்மா சாகக் கிடந்தபோது சப்ரியைக் கிட்டே அழைத்துக் காதோடு சொன்னாள். "நான் உன்னைப் பெறலடா கண்ணு. நாப்பத்தெட்டுல, ஊரைவிட்டுத் துரத்தினப்ப, அந்த ஜூலை வெயில்ல நடந்து வந்த வழியில..."

மூச்சு இழுத்துக்கொண்டது. மீதியை அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு அவனும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. வீடு போய், நிலம் போய், முகாமில் ஒவ்வொருவனுக்கும் மிஞ்சியிருப்பது ஊர்ப் பெயரும் அப்பன் பாட்டன் பெயரும்தான். அதுவும் தனக்கு இரவல் என்று எந்த வாயால் சொல்வான்? அடுத்தவரைத் தகப்பன் என்று சொல்லிக்கொள்வது பாவம் என்று பள்ளிவாசலில் கேட்ட நாளெல்லாம் அவனுக்குத் தூக்கம் போயிருக்கிறது.

செத்துப்போன அப்பா யூசுஃபின் தம்பி என்ற முறையில் சித்தப்பா நிமர்தான் இப்போது குடும்பத்துக்குப் பெரியவர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் நாலு பேர் கூடிய இடத்தில் "இவன் யூசுஃபோட மகன்!" என்று உரக்கச் சொல்லித்தான் அவனை அறிமுகப்படுத்துவார். ஒவ்வொரு முறையும் சப்ரி தலையைக் குனிந்துகொள்வான்.

"மாப்பிள்ளையோட அப்பா யாரு மகன், ஹாஜி?" அபூ ஔனி ஆரம்பித்துவிட்டார்.

"யூசுஃபோட மகன் சப்ரி. யூசுஃப், முத்லக்கோட மகன். முத்லக், ஹம்தானோட மகன்..." நிமர் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்.

"இருங்க, இருங்க. எந்த யூசுஃப்? எண்ணெய்ச் செக்கு வச்சிருந்தவரா?"

"அவரேதான். என் அண்ணன்."

அபூ ஔனியின் நெற்றி சுருங்கியது. "அவருக்கு ரொம்ப வருஷமா புள்ளையே இல்லையே! அவர் சம்சாரத்துக்காக எங்க வீட்டுப் பொம்பளைங்க அழுதது எனக்கு ஞாபகம் இருக்கு. ஊரைவிட்டுக் கிளம்பின அன்னிக்கும் அவ வெறுங்கையோடதான் நடந்தா."



சப்ரி எழுந்துவிட்டான். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், பொய்யின் மேல் நடக்க வேண்டாம். "அபூ ஔனி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"உக்காருடா." நிமர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு அபூ ஔனியை நேராகப் பார்த்தார். "கிளம்பும்போது இல்லதான். வழியில கிடைச்சான். அல்லா குடுத்தான், வாங்கிக்கிட்டோம்."

கிடைச்சான்.

பிறந்தான் என்று அவர் சொல்லவில்லை. சப்ரி திரும்பித் தன் பக்கத்துப் பெரியவர்களைப் பார்த்தான். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அவன் கண்ணைச் சந்திக்க மாட்டாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அபூ ஔனி நெடுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த வழியிலதான் என் தங்கச்சியைத் தொலைச்சோம்," என்றார் மெல்ல. "அவளையும் இப்படி யாராவது வாங்கியிருந்தா..."

முடிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைக் காட்டினார். "குடிங்க ஹாஜி. இனி ருலா உங்க பொண்ணு."

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். நிதாலை நண்பர்கள் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். அந்தச் சத்தத்தில் சப்ரி சித்தப்பாவின் காதருகே குனிந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உனக்குச் சந்தேகம் வந்துடக்கூடாதுன்னுதானே போற இடமெல்லாம் அந்தக் கத்துக் கத்தினேன்!" நிமர் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "உன்னைக் கையில வாங்கினவனே நான்தான்டா. அப்ப எனக்கு மீசைகூட முளைக்கல. யாரோ ஒருத்தி. உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. 'தண்ணி தேடிட்டு வர்றேன், அதுவரைக்கும் சப்ரியைப் பாத்துக்கோ'ன்னு குடுத்துட்டு ஓடினா."

சப்ரிக்குச் சுற்றிலும் இருந்த சத்தம் கேட்கவில்லை.

"சப்ரியையா?"

"ஆமா," என்றார் நிமர். "அதுக்குப் பின்னால வர்ற அப்பன் பாட்டன் பேரெல்லாம்தான் நாங்க குடுத்தது."