வள்ளல் வீட்டு வண்டி

"நம்ம வீடு என்ன லாரி ஆபீஸா? தெருவுல யாருக்கு என்ன தேவைன்னாலும் நேரா இங்க வந்து நின்னுடறாங்க!"

வாசலில் நின்ற டெய்லர் காதில் நன்றாக விழட்டும் என்றே கத்தினாள் பெயிண்ட் கடைக்காரரின் மனைவி. டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மா இரு. வீடு தேடி வந்தவரை இப்படியா பேசறது?" என்று அதட்டிக்கொண்டே வெளியே வந்தார் கடைக்காரர். தெருவில் அவருக்கு வள்ளல் என்று பேர். முகமெல்லாம் சிரிப்பு.

"அவ கிடக்கறா. நீங்க சொல்லுங்க டெய்லரே."

"கடையைக் காலி பண்றேன் சார். நாலு மெஷினு, ஒரு கட்டிங் டேபிள். மதியத்துக்குள்ள எடுக்கலைன்னா பூட்டிடுவேன்னு கட்டட ஓனர் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. மெஷின் உள்ள மாட்டிக்கிச்சுன்னா என் பொழப்பே போச்சு. உங்க பிக்கப்பை ஒரு ரெண்டு நடைக்குக் குடுத்தீங்கன்னா..."

"இதுக்குப் போய் கெஞ்சறீங்களே! என் வண்டி வேற, உங்க வண்டி வேறயா?"

"வேற வண்டி பாருங்கன்னு சொல்றேன், காதுல விழலையா?" உள்ளேயிருந்து மறுபடியும் குரல்.

வள்ளல் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஒரு நிமிஷம். ஆயில் இருக்கான்னு பார்த்துட்டுத் தர்றேன்" என்று பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பரிசுக் கோப்பையை வழங்குவது போல இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார்.

டெய்லர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். வண்டி முக்கியது, முனகியது, கிளம்பவில்லை. மறுபடி திருகினார். மறுபடி முனகல்.

வள்ளலின் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்து டெய்லருக்கே மனசு கேட்கவில்லை.

"அடடா! இந்த ஃபியூஸ் பாக்ஸ் திரும்பவும் வேலையைக் காட்டிடுச்சே. வாங்க, காட்டறேன்."

பானெட் மறுபடி திறந்தது. கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே சட்டைப் பொத்தான்களைக் கலந்து கொட்டியது போலச் சிவப்பும் நீலமும் மஞ்சளும்.

"இது ஹாரன், இது வைப்பர், இது சிகரெட் லைட்டர். இந்த வரிசையில டாங்கிலேர்ந்து பெட்ரோலைத் தள்ற மோட்டார். கலர்தான் முக்கியம் டெய்லரே. மஞ்சள் இருந்த இடத்துல மஞ்சள்தான் போடணும். மாத்திப் போட்டா மொத்த வயரிங்கும் கருகிடும். தெரியாதவங்க கையை வெக்கவே கூடாது."

"இப்ப எதுல சார் கோளாறு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக் வரணும். அவன் நாளைக்குத்தான் வருவான். என் வண்டி உங்களுக்கு உதவலையேன்னு நெஞ்சு அடைக்குதுங்க."

டெய்லர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வள்ளல் அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு, சாவியை உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

தெருவுக்கு இது புதிதல்ல. வீடு மாற்றிய டீச்சர் இந்த வண்டியை நம்பி பீரோவைத் தெருவில் இறக்கிவைத்துவிட்டுச் சாயங்காலம் வரை காவல் காத்தார். கட்டிலோடு காத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரரும் கடைசியில் கட்டிலைத் தலையில்தான் தூக்கிப் போனார். ஆனாலும் யாருக்கும் வள்ளல் மேல் வருத்தமில்லை. "தங்கமான மனுஷன். வண்டிதான் சரியில்ல. அந்தப் பிசினாறிப் பொம்பளைகூட எப்படித்தான் குடித்தனம் பண்றாரோ!" என்று உச்சுக்கொட்டினார்கள்.

வள்ளல் பாட்டுப் பாடிக்கொண்டே தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பாட்டு நின்றது. அது அவருடைய வண்டியின் சத்தம்.

பதறிப்போய், கதவில் தொங்கிய சட்டையின் பையைத் தடவினார். கொஞ்ச நேரத்துக்கு முன் ஆயில் பார்க்கிற சாக்கில் பிடுங்கிய மஞ்சள் ஃபியூஸ் பத்திரமாக உள்ளேயே இருந்தது.

தலை நிறைய நுரையோடு, இடுப்பில் துண்டோடு வாசலுக்கு ஓடிவந்தார். பிக்கப் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. டெய்லர் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அப்புறம் பயந்துபோய் அவசரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், வண்டி எப்படிக் கிளம்பிச்சு?"

"சிகரெட் லைட்டருக்கும் அதே மஞ்சள் ஃபியூஸ்தானே? அதைப் பிடுங்கி, நீங்க காலி பண்ணின இடத்துல சொருகினேன்."

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். வர்றவங்களை எல்லாம் நிக்கவெச்சுப் பாடம் எடுக்கறீங்களே."

வள்ளலுக்கு நுரை கண்ணில் இறங்கியது. எரிச்சல் அதனால் மட்டுமல்ல.

"வண்டி கேட்டு ஒருத்தர் வந்தா வாசல்லயே நின்னு விரட்டறவ நீ. இன்னிக்கு மட்டும் என்ன பெரிய தர்மப் பிரபு வேஷம்?"

"இன்னிக்கு மட்டும் இல்லீங்க. விரட்டினாத்தான் நேரத்தோட வேற வண்டி பார்த்துப் போவாங்க. நீங்க சாவியைக் குடுத்துல்ல அவங்களைக் கெடுக்கறீங்க!"