ஷஃபானின் கடைசி நோன்பு

வாயில் தண்ணீர் இருந்தது. அவள் துப்பவில்லை.

அஸர் தொழுகைக்கு ஒளுச் செய்ய வந்தவள். கொல்லைக் குழாயடியில் குனிந்து நின்றாள். கைகளைக் கழுவி, ஒரு கை தண்ணீரை வாயில் அள்ளியிருந்தாள்.

விழுங்கினாள்.

தவறிப்போய் விழுங்கவில்லை. தனக்கே அதைத் தெளிவுபடுத்துவது போல இன்னொரு கை அள்ளினாள். அதையும் குடித்தாள்.

மேல்தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர். வெதுவெதுவென்று உள்ளே இறங்கியது. தொண்டை நனைந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

நோன்பு முறிந்துவிட்டது.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. வருமோ என்று சற்று நின்று பார்த்தாள்.

பிறகு முகத்தைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். தலையைத் தடவினாள். காலைக் கழுவினாள். குழாயை மூடினாள்.

*

போன வருஷம் ரமலானின் முதல் நாள், தலைநோன்பு அன்று விடியலில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பெண்.

பிள்ளை பெற்ற உடம்புக்கு நோன்பு இல்லை. உதிரம் நின்று குளிக்கும்வரை தொழுகையும் இல்லை. ரமலான் முழுவதும் அப்படியே போனது.

குழந்தை பெருநாள் வரை இருக்கவில்லை.

விட்ட தொழுகைகளைத் திரும்பத் தொழ வேண்டாம். நோன்பு அப்படியல்ல. அடுத்த ரமலான் வருவதற்குள் விட்டதையெல்லாம் களாவாகப் பிடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ரமலானுக்கு இரண்டு மாதம் முன், ரஜப் பிறந்த பிறகுதான் தொடங்கினாள்.

அடுத்த மாதம் ஷஃபானில் பராஅத் இரவு வந்தது. ஊர் விழித்திருந்து ஆயுளும் பரக்கத்தும் கேட்டது. அவளும் எல்லோரோடும் உட்கார்ந்து யாசீன் ஓதினாள். அவளுக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

நோன்புகள் குறைந்துகொண்டே வந்தன.

தொட்டிலை யாரோ அவிழ்த்தார்கள். சின்னச் சட்டைகளை யாரோ யாருக்கோ கொடுத்தார்கள். குழந்தையை முன்னிட்டு அவளிடம் இன்னும் தீராமல் இருந்தது இந்த நோன்புகள்தான்.

இன்று பிடித்தது கடைசி. இதோடு தீர்ந்திருக்கும்.

*

அவள் திரும்பியபோது கொடியருகே மாமி நின்றிருந்தாள். கணவனின் உம்மா. கையில் காய்ந்த போர்வை.

பார்த்துவிட்டாள்.

மாமி போர்வையை உதறி மடித்து, உள்ளே போனாள்.

*

மக்ரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ரமலான் பிறை தென்பட்டுவிட்டது. இன்றிரவு தராவீஹ் தொழுகை. தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஷார்ஜாவில் இருக்கும் கணவன் நேற்றே ரமலான் வாழ்த்து அனுப்பியிருந்தான். அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

விடியுமுன் உண்ணும் சஹருக்கு ஆணம் வைக்க அடுப்படிக்குப் போனாள். மாமி முன்பே வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நோம்பு ஒண்ணு நிக்குதா புள்ள?"

அவள் தலையசைத்தாள்.

"ரமலான் தாண்டிட்டா, நோம்போட ஒரு ஏழைக்குச் சோறும் கொடுக்கணும். பிடிக்கிற வரைக்கும், வருஷா வருஷம்."

"தெரியும் மாமி."

"நான் கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் நிமிர்ந்தாள்.

மாமி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒன் மாப்புளைக்கு மூத்தது. பொம்புளப் புள்ளதான். நாப்பது நாளு கூடப் பாக்கல. அந்த வருஷத்து நோம்புல எனக்கும் ஒண்ணு நிக்குது."

அந்த வீட்டில் அப்படி ஒரு குழந்தையைப் பற்றி யாரும் பேசி அவள் கேட்டதில்லை. கணவன்கூடச் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

அடுப்பில் வைத்திருந்த எண்ணெய் காய்ந்துவிட்டது. இருவரும் வெங்காயத்தைப் போடவில்லை.

"பேரு வச்சிருந்தீங்களா மாமி?"

"ஜொகரா."

மாமி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல.

பிறகு கேட்டாள்.

"நீ என்ன பேரு நெனச்சிருந்தே?"

பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். இதை ஒருவரும் கேட்டதில்லை.

அவள் அந்தப் பேரைச் சொல்ல வாயெடுத்தாள்.

மாமி அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.