பதினோராம் நம்பரின் வலது கால்

இங்கன கிட்ட வந்து உக்காருங்க, மக்கா. காலை நீட்டிக்கோங்க, நாள் முழுக்க அலைஞ்சிருப்பீக. ஒரு சின்னக் கதை சொல்லுதேன். உலையில சோறு வேகுற நேரந்தான் ஆகும்.

ஜெபசுதாவுக்கு மத்தியானத்திலேயே கண் எரிந்தது.

தூத்துக்குடியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவள் வேலை பார்க்கிற அறை. ஏழு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. அந்த ஏசி பாதி நாள் சத்தம் மட்டும்தான் போடும்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு காலேஜ். அங்கே பையன்கள் கோல்ஃப் ஆடுகிறார்கள். புல்தரையில் சின்ன வெள்ளைப் பந்து, கையில் நீளக் கம்பு, ஓங்கி ஒரே வீச்சு. அந்த வீச்சை வீடியோ எடுத்து இங்கே அனுப்புவார்கள்.

தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று கம்ப்யூட்டரே உடம்பின் மேல் புள்ளி வைத்துவிடும். தப்பாக வைத்ததைப் பிடித்துச் சரியான இடத்தில் நகர்த்துவதுதான் சுதாவின் வேலை. பிறகு வீச்சில் குறை இருந்தால் சிவப்பு வரும், இல்லாவிட்டால் பச்சை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அங்கே கோச் முடிவெடுப்பார்.

பையன்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். சுதாவுக்கு வாய்த்தவன் பதினொன்று.

மூன்று வாரமாக அவனுக்குச் சிவப்பு. கம்பை ஓங்கும்போது உடம்பின் பாரம் வலது காலில் இறங்க வேண்டும், அவனுக்கு இறங்கவில்லை. ரிப்போர்ட் சிவப்பாகவே போகப் போக, இன்னும் அடி, இன்னும் அடி என்று கோச் சொல்வார்போல. ஒரு நாளைக்கு நாற்பது வீச்சு வந்துகொண்டிருந்தது. அறுபதாச்சு. இப்போது தொண்ணூறு.

சுதாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. வலியாகத் தெரிந்தது.

அவள் அம்மா இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் தலைச்சுமை சுமந்தவள். முட்டி தேய்ந்த பிறகும் நொண்ட மாட்டாள். நொண்டினால், நாளைக்கு வரவேண்டாம் என்பான் கங்காணி. வலிக்கிற காலில் குதிகாலை மட்டும் தரையில் தொட்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, நேராக நடப்பாள்.

பதினொன்றும் உதட்டை மடித்திருந்தான்.

டீம் லீடர் கிருபாநிதியைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணே, இந்தப் பையனுக்கு முட்டியில என்னமோ இருக்கு. ஒரு வரி எழுதி அனுப்பட்டுமா?"

"ஏளா, நீ என்ன டாக்டரா? போன தடவை நம்ம கூட வேலை பாத்த விஜிலா, 'இவன் சரியாச் சாப்பிடுதானா'ன்னு கேட்டு எழுதி, ஒரு மாச வேலை கைய விட்டுப் போச்சு. புள்ளியப் பாரு, தாயி."

சொல்லிவிட்டு அவனும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் போனான். அவன் மேசையில் இருநூறு வீச்சு கிடந்தது.

சுதா அந்த வீச்சையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். டீ ஆடை கட்டியது.

உப்பளத்தில் கங்காணிக்கு மனசு நிறைந்தால், "போதும், செத்த உக்காரு" என்பான். கொட்டகை நிழலும் ஒரு செம்பு தண்ணீரும் கிடைக்கும். நல்லாச் செய்தவளுக்குத்தான் உட்காரக் கொடுத்துவைக்கும். உலகத்தில் எங்கேயும் அப்படித்தான் என்று அவள் நினைத்தாள். பச்சை வந்துவிட்டால் இந்தப் பையனையும் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

கம்பை ஓங்கி நிற்கிற படத்தில், வலது இடுப்புப் புள்ளியை ஒரு நெல்லளவு வெளியே தள்ளினாள். பாரம் இறங்கிய மாதிரி ஆச்சு.

அடுத்த வீச்சு. ஒரு நெல்லளவு.

தொண்ணூறையும் முடிக்கும்போது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. பஸ்ஸில் சீட்டுக் கிடைத்ததும் தூங்கிப்போனாள்; இறங்க வேண்டிய இடம் தாண்டித்தான் முழித்தாள்.

மறுநாள் பதினொன்றின் வீச்சு ஒன்றுகூட வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. உட்கார வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் சுதா டீயைச் சூடாகக் குடித்தாள்.

திங்கட்கிழமை வந்தது, பதினொன்று என்று நம்பர் போட்ட வீடியோ.

சுதா எப்போதும் கணுக்காலில்தான் தொடங்குவாள். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாள். வலது கால் தூண் மாதிரி ஊன்றி நின்றது. பாரம் அப்படியே இறங்கியது. குதிகாலில் ஒதுங்கவில்லை, நடுங்கவில்லை. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

முட்டி. இடுப்பு. தோள் வரைக்கும் வந்தாள். தோள் கொஞ்சம் அகலமாக இருந்தது.

இன்னும் மேலே நகர்த்தினாள். கன்னத்தில் செம்பட்டைத் தாடி. இவன் வேறு ஒருத்தன்.

"அண்ணே, பதினொன்னு எங்க?"

கிருபாநிதி தன் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "ரிப்போர்ட் பச்சைன்னு சனிக்கிழமை பந்தயத்துல எறக்கிட்டாகளாம். பாதி ஆட்டத்துல முட்டி போயி, தூக்கிட்டுப் போயிருக்காக. இது புதுப் பையன், நம்பர் மட்டும் அதே நம்பர். உன் ரிப்போர்ட்டு சுத்தமா இருந்துச்சுன்னு நன்றி சொல்லி மெயில் வந்திருக்கு, பாத்தியா?"

சுதா பார்க்கவில்லை.

அன்றைக்குத் தொண்ணூறு வீச்சு இருந்தது.

அவ்வளவுதான் மக்கா. உங்க வீட்டுல, வலிச்சா வலிக்குன்னு வாய்விட்டுச் சொல்லுத பிள்ளைக இருக்கட்டும். அதைக் கேட்டு, கையில இருக்க வேலையைப் போட்டுட்டு எந்திரிச்சு வார ஆளும் இருக்கட்டும். உங்க வாசல் நடையில யாரும் தாராளமா நொண்டலாம்னு இருக்கட்டும்.