தனியப் போன பிள்ளை

“தனியத்தான் போறாள். நாங்கள் பிள்ளையை அப்பிடி வளர்த்திருக்கிறம்” என்று லிஃப்டுக்குள் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள் பாலேஸ்வரி. பதினான்காம் மாடி வருவதற்குள், மகள் துர்க்கா ரெயினில் ஐரோப்பா சுற்றப்போகும் செய்தி கட்டடத்துக்கே தெரிந்துவிட்டது.

கனடாவில் அவர்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் வேறு எந்தத் தாயும் குமர்ப்பிள்ளையைத் தனியே மூன்று கிழமை ஊர் சுற்ற விடமாட்டாள். பாலேஸ்வரி மட்டும், மகள் கேட்ட மறுநாளே ஓம் என்றாள். அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் மூன்று மாப்பிள்ளைகள் நின்றார்கள்.

ஒருவன் பாரிசில், ஒருவன் டோர்ட்மண்டில், மூன்றாமவன் சூரிச்சில். வேலையிடத்தில் யாரோ ஒரு திருகோணமலைப் பெடியனோடு துர்க்கா கோப்பி குடிக்கிறாள் என்று காதில் விழுந்த அன்றே, பாலேஸ்வரி போன் கார்ட் வாங்கிச் சொந்தக்காரரையெல்லாம் நித்திரையால் எழுப்பினாள். ஏற்பாடு இதுதான்: துர்க்காவின் ரெயின் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சொந்தக்காரர் வந்து நிற்பார். பக்கத்தில் தற்செயலாக ஒரு பெடியனும் நிற்பான்.

“ஒரு படம் அனுப்புங்கோவன் அக்கா” என்று பாரிசிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை மனோரஞ்சிதம் கேட்டாள். அவள் துர்க்காவைக் கடைசியாகக் கண்டது மூன்று வயதில்.

“படம் என்னத்துக்கு? நேரிலை பாருங்கோ” என்றாள் பாலேஸ்வரி. துர்க்கா எந்தப் படத்திலும் யாரோடோ சண்டைக்குப் போகிறவள் மாதிரித்தான் விழுவாள். “முதுகுப் பையிலை கனடாக் கொடி தைச்சு விடுறன். அதைப் பார்த்துப் பிடியுங்கோ.”

எயார்போட்டுக்கு, துர்க்காவோடு வேலை செய்யும் செலீனும் வழியனுப்ப வந்தாள். பாலேஸ்வரி அவளைப் பார்த்து இரக்கப்பட்டாள்.

“நீயும் காலாகாலத்திலை ஒரு வழியைப் பார் பிள்ளை.”

“பாப்பம் அன்ரி. நீங்கள் போங்கோ, இவள் உள்ளுக்கை போகுமட்டும் நான் நிக்கிறன்” என்றாள் செலீன்.

துர்க்காவிடமிருந்து முதல் போன் வந்தது. “பாரிஸ் நல்லாயிருக்கு அம்மா.” பக்கத்து அறையில் நின்று கதைப்பது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

“ஊருக்கு எடுத்தா ஒரே இரைச்சல். ஐரோப்பா எண்டா ஐரோப்பாதான்” என்று கணவர் தியாகலிங்கத்திடம் வியந்தாள் பாலேஸ்வரி. அவர் ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓம் என்றார்.

பிறகு ஒவ்வொரு ஊராக முடிவு வரத் தொடங்கியது.

“அக்கா, தங்கமான பிள்ளை! மாப்பிள்ளை பகுதிக்கு நல்ல பிடிப்பு” என்றாள் மனோரஞ்சிதம். “சாப்பாட்டுக்கு முன்னாலை கண்ணை மூடிக் கும்பிட்டிட்டுத்தான் கை வைக்கிறாள். உங்கை கனடாவிலை இருந்துகொண்டு எப்பிடியக்கா இப்பிடி வளர்த்தனீங்கள்?”

துர்க்கா வீட்டில் ஃபிரிஜ் கதவைத் திறந்தபடியே சாப்பிடுகிறவள். பாலேஸ்வரி ஒரு நொடி யோசித்தாள். “எல்லாம் என்ர வளர்ப்பு” என்றாள்.

“என்ன சிரிச்ச முகம்!” என்றது டோர்ட்மண்ட். சிரித்த முகமா? மாப்பிள்ளையைக் கண்ட சிரிப்பாக்கும் என்று பாலேஸ்வரி சமாதானமானாள்.

சூரிச்சில் ஒரு நாள் நின்று ரெயின் மாறுவதாகத்தான் ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாய் விடவேயில்லை. நான்கு நாள் மறித்து வைத்துவிட்டாள். பெடியன் அடுத்த மாதமே கனடாவுக்கு வருகிறானாம்.

பாலேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் ஏறும்போது, பாரிசா சூரிச்சா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். அந்தத் திருகோணமலைப் பெடியன் இனி தனியே கோப்பி குடிக்கட்டும் என்று நினைக்க நினைக்க மனம் குளிர்ந்தது.

மூன்று கிழமை முடிந்து துர்க்கா சுவிஸ் சொக்லேட்டோடு வந்து இறங்கினாள். அவளை இருக்கவும் விடவில்லை பாலேஸ்வரி.

“மூண்டு பேருக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கு ஆரைப் பிடிச்சது?”

“எந்த மூண்டு பேர்?”

“நடிக்காதை. ஸ்டேஷனுக்கு வந்த பெடியங்கள். பின்னை சும்மாவே உன்னைத் தனிய விட்டனான்?”

துர்க்கா சொக்லேட் பெட்டியை மேசையில் வைத்தாள். “நீங்கள் மறுநாளே ஓம் எண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கினதம்மா. அதுதான் நான் போகேல்லை. என்ர பையைத் தூக்கிக்கொண்டு, என்ர பேரைச் சொல்லி ரெயினிலை சுத்தினது செலீன்.”

“என்னடி சொல்லுறாய்?”

“அவளுக்குச் சூரிச்காரனைப் பிடிச்சிருக்காம். அவனிட்டை உண்மையையும் சொல்லிப்போட்டாள். பெடியன் சைவசமயமெண்டாலும் தனக்குப் பரவாயில்லையாம்.”

பாலேஸ்வரி சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப... நீ இந்த மூண்டு கிழமையும் எங்கையடி நிண்டனீ?”

“இஞ்சை பக்கத்திலை, அஜக்ஸிலை. என்ர மாமியார் வீட்டிலை.”