சாலை போகாத உச்சி

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் திரைச்சீலை இடுக்கில் நுழைந்து தொலைக்காட்சியின் மேல் கோடு போட்டிருக்கிறது. வாரமெல்லாம் ஒரே தடத்தில் பேருந்து ஓட்டுகிற மனிதர் கையில் இன்று கேம் கன்ட்ரோலர். அவருடைய வீரன், முதுகில் வாளோடு, பனிமலைச் சரிவில் பல்லியைப்போல ஒட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் பட்டாணி உரிக்க உட்கார்ந்த மனைவி உரிப்பதை மறந்து எவ்வளவோ நேரமாகிறது. "ரோடு அந்தப் பக்கமா போகுதுங்க." "ரோட்ட யாரு கேட்டா? இங்க கண்ணுக்குத் தெரியற எடமெல்லாம் போகலாம்." வீரனின் தெம்பைக் காட்டும் பச்சைக்கோடு தேய்ந்துகொண்டே வருகிறது. போன வாரம் முழுக்க அவன் விழுந்து விழுந்து செத்தது இந்த இடத்தில்தான். ஓட்டுநரின் வலது கால், அங்கே இல்லாத ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறது. "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க!" என்று அவள் அவர் தோளைப் பிடிக்க, மடியிலிருந்த பட்டாணி தரையெல்லாம் உருள்கிறது. பச்சைக்கோடு நூலாக இளைத்த நேரத்தில் வீரன் ஒரே எம்பு எம்பி உச்சியைப் பற்றிவிடுகிறான். மேகம் விலகுகிறது. கீழே ஆறும் காடும் கோட்டைகளுமாக ஒரு நாடே விரிகிறது. "ஏறிட்டோம்டி!" என்று அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிடுகிறார். அவள் திரைக்கு அருகே போய், தொலைவில் மின்னும் கடலின்மேல் விரல் வைக்கிறாள். "இங்க?" "அங்கயும்தான்." அவள் திரும்பிக் கை நீட்டுகிறாள். "குடுங்க அத. அந்தக் கடல் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."