தூணடியில் எழுந்த புற்று

மழை விடாத மலையடிவாரத்தில் ஒரு வீடு. அதன் கூரையைத் தாங்கி நின்ற பலாமரத் தூணுக்குக் கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை. காலடியில் முழ உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது.

"எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குதண்ணே," என்றது கரையான், வாய் நிறைய மரத்தூளோடு.

"எனக்குக் கீழேயும் ஒரு குடும்பம் படுத்துக் கிடக்குது தாயி. நான் விழுந்தால் அவங்க மேலதான் விழுவேன்."

மறுநாள் காலையில் வீட்டுக்கார மாசானம் மண்வெட்டியும் மண்ணெண்ணெய் டப்பாவுமாக வந்தான். தூணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயோ, நிறுத்துங்க!" அவன் மனைவி பொன்னுத்தாய் குறுக்கே வந்து நின்றாள். "அம்மன் நம்ம வீடு தேடி வந்து புத்தா எழும்பியிருக்கா. மண்ணெண்ணெயா ஊத்துவீங்க?"

மாசானம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினார்கள்.

"காலையில நான் பூச்சி. இப்ப சாமி. பார்த்து மரியாதையாப் பேசுங்கண்ணே!" என்று சிரித்தது கரையான்.

தூண் உயிரைக் கொடுத்துக் கத்தியது. லேசாகக் கிறீச்சென்று கேட்டது, அவ்வளவுதான். யாரும் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை, அம்மனுக்கு மணி மாட்டுவதற்காக மாசானம் தூணில் ஆணியை வைத்தான். சுத்தியலை எடுப்பதற்குள், விரல் பட்ட அழுத்தத்துக்கே ஆணி தலைவரைக்கும் இறங்கிவிட்டது.

"பாத்தியா புள்ள," என்றான், கண் கலங்கி. "அம்மா எப்படி வழி விடுறா!"

பொன்னுத்தாய் பெரிய மணியாகவே எடுத்து வர உள்ளே ஓடினாள். தூண் தன்னால் முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றது.