மேசைக்கடியில் ஆக்சிலேட்டர்

அருளப்பன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, திரையில் பூமியைச் சுற்றியபடி முன்னால் மிதந்த விண்நிலையம் விலகிக்கொண்டே போனது. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர். விரல்கள் கீபோர்டில் இருந்தாலும் வலது கால் மேசைக்கடியில் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நிலையத்தில் காத்திருப்பவள் மகள் ஜெனிட்டா. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பிறகு, இந்த விண்கல விளையாட்டுக்குத்தான் முதன்முதலாகக் கூப்பிட்டிருந்தாள்.

"வேகத்தக் கொறைங்கப்பா," ஹெட்போனில் அவள் குரல்.

"கொறைச்சா ஒன்னய எப்படிம்மா எட்டிப் பிடிக்கிறது?"

"கொறைச்சா கீழ எறங்குவீங்க. கீழ பாதை சின்னது, சீக்கிரமா சுத்தி வந்துரலாம். வெரட்டுனா மேல ஏறி பின்னாடிதான் போவீங்க."

அவர் காலைத் தரையிலிருந்து எடுத்தார். எஞ்சினை எதிர்ப்பக்கம் திருப்பி இயக்கினார். கலம் பூமியை நோக்கி இறங்கியபோது நிலையம் இன்னும் விலகிப் புள்ளியானது. ஆனால் கடல் ஒன்றைத் தாண்டியதும் தூரத்துப் புள்ளி பெரிதாகத் தொடங்கியது.

"வந்துட்டேம்மா!"

அவள் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"யாரும்மா அது?"

"மொதல்ல வந்து சேருங்கப்பா. காட்டுறேன்."

மேசைக்கடியில் அவர் கால் பிரேக்கைத் தேடியது.